தண்டவாளத்துக்கு முன்னால் மலை

நீலகிரியில் மலைதான் மூத்தது. பாறையும் ஓடையும் சோலையும் காலங்காலமாக இருந்த இடத்தில், 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் தண்டவாளம் ஏறியது. நம் பலகையில் நடப்பது அதற்கு நேர்மாறு. சென்ற அத்தியாயத்தில் பாதையைப் பதித்து, கம்பிகளை இணைத்து, வண்டியை ஓட்டியும் பார்த்துவிட்டோம். மலை இனிமேல்தான் வரப்போகிறது. இந்த முன்பின் மாற்றம் பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. நிலக்காட்சி வேலை முழுவதும் இந்த ஒன்றுக்காகத்தான்.

பட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு நிறைய உண்டு. தட்டில் வைத்த சோற்றுக் குவியல்போல் தண்டவாளத்தின் பக்கத்தில் ஒரு மலை உட்கார்ந்திருக்கும். அதன் நடுவே ஒரு சுரங்கம் இருக்கும். இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் பாதை மலையைச் சுற்றியே போயிருக்கலாமே என்று சிறுபிள்ளைக்குக்கூடத் தோன்றும். சுரங்கம் வைத்தால், வேறு வழியே இல்லாமல் குடைந்தார்கள் என்று பார்ப்பவருக்குப் படவேண்டும். பாலம் வைத்தால், அதன் அடியில் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதற்குப் பதில் இருக்கவேண்டும்.

இந்த அத்தியாயத்துக்கு நீலகிரி மலை ரயிலையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பெரும்பாலோர் ஒருமுறையாவது அதில் போயிருப்போம் என்பது ஒரு காரணம். போகாதவர்களும் ஒரு நாளில் போய்ப் பார்த்து வரலாம் என்பது இன்னொன்று. அது மீட்டர் கேஜ் ஆயிற்றே, குறுகிய பாதையா என்று சிலர் கேட்பார்கள். இந்திய ரயில்வே வழக்கில் மீட்டர் கேஜ் தனி, நேரோ கேஜ் தனி. மாடல் உலகத்தில் 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த பாதை எல்லாமே குறுகிய பாதைதான். 1:87 அளவில் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. வரும். கடையில் கிடைப்பது 12 மி.மீ. பாதை. எச்ஓஎம் என்று அதற்குப் பெயர். இதில் வழக்கமாகக் கிடைக்கும் இறுக்கமான வளைவின் ஆரம் 33 செ.மீ. அளவில் இருக்கும். ஒரு முழு வட்டத்துக்கு 66 செ.மீ. போக, இருபுறமும் 5 செ.மீ. விட்டால் இரண்டரை அடி அகலப் பலகை சரியாகப் போதும். நம்முடைய பலகை இரண்டரை அடிக்கு நான்கு அடி என்று வைத்துக்கொள்வோம்.

எந்தத் துண்டைச் செய்வது?

46 கிலோமீட்டர் பாதை 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டர் வரை போகிறது. அதையெல்லாம் நான்கடியில் அடக்க நினைத்தால் அது கண்காட்சிப் படமாகிவிடும். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதி காடும் பாறையும் பள்ளத்தாக்குமாக இருக்கிறது. தண்டவாளங்களின் நடுவில், இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பற்சட்டம் ஓடுவதும் சுரங்கங்கள் நெருங்கி வருவதும் இங்கேதான். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற நிலையங்களைச் சுற்றி ஊர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும், குரங்குகள் இறங்கிவரும், அவ்வளவுதான். குன்னூருக்கு மேலே நிலமே மாறிவிடுகிறது. தேயிலை, கற்பூர மரங்கள், கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் படிவயல்கள், ஓட்டு வீடுகள், தகரக் கூரைகள் என்று மனிதர் கைபட்ட நிலம். வண்டியும் அங்கே பற்சட்டம் இல்லாமலே ஏறுகிறது.

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் மேல்பகுதியைத்தான் சொல்வேன். கல்லாறு–குன்னூர் ஏற்றம் சுமார் 12-க்கு 1. நான்கடி நீளத்தில், அதாவது 120 செ.மீ. தூரத்தில், 10 செ.மீ. ஏறவேண்டும். பற்சட்டம் இல்லாத மாடல் இன்ஜின் அதில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். 1:87 அளவில் பற்சட்டப் பாதையும் அதற்கேற்ற இன்ஜினும் ஐரோப்பியத் தயாரிப்பாகக் கிடைக்கின்றன, விலைதான் அதிகம். சாதாரணப் பாதையை 30-க்கு 1 என்ற அளவில் ஏற்றி, மீதி ஏற்றத்தைக் கண்ணை நம்பவைத்துச் சாதிக்கலாம். தண்டவாளம் ஏறும் திசைக்கு எதிராக ஓடைப் படுகையைச் சரியவிடுங்கள். பக்கத்து வீட்டின் அடித்தளத்தையும் தடுப்புச் சுவரின் கல்வரிசையையும் இம்மி பிசகாமல் மட்டமாக வையுங்கள். மட்டமான கோடு ஒன்று பக்கத்தில் இருந்தால் 30-க்கு 1 ஏற்றம் இருமடங்காகத் தெரியும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். 46 கிலோமீட்டரில் 250 பாலங்கள், 208 வளைவுகள். சராசரியாக 184 மீட்டருக்கு ஒரு பாலம். நம் அளவில் அது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நான்கடிப் பலகையின் முன்பக்கத்தில் ஒரு பாலமே தாராளம். மூன்று பாலமும் இரண்டு சுரங்கமும் வைக்க ஆசை வரும். ஒன்றை வைத்து, அதை மனசாரச் செய்யுங்கள்.

தண்டவாளத்துக்குக் கீழே

மலை என்றதும் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். மலைப் பாதையின் அழகு பாதிக்கு மேல் கீழேதான் இருக்கிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது பள்ளத்தைப் பார்த்துத்தான். சமமான பிளைவுட் பலகைமேல் செய்த மலை ரயில் ஒருநாளும் மலை ரயிலாகத் தெரியாததற்குக் காரணம் இதுவே. ஆகவே பலகையின் முன்பகுதியை, பாதை இல்லாத இடமாகப் பார்த்து, ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுங்கள். சட்டத்தின் அடியில் 15 செ.மீ. கீழே இன்னொரு சிறு பலகையை அறையுங்கள். ஓடை அங்கே ஓடும். சென்ற அத்தியாயத்திலேயே பாதையைத் தனித் தூண்களின்மேல் ஏற்றச் சொன்னது இதற்காகத்தான்.

இனி மலையின் எலும்புக்கூடு. தெர்மோகோலை அடுக்கி வெட்டுவது நம் ஊரில் பழகிய முறை. லேசாக இருக்கும், எங்கும் கிடைக்கும். கத்தியால் அறுத்தால் வெள்ளை மணிகள் வீடெங்கும் பறந்து, நிலைமின் ஈர்ப்பில் இன்ஜினுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். சூடான கம்பியால் வெட்டுவது சுத்தம், ஆனால் அந்தப் புகை நல்லதல்ல. மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான் தெர்மோகோலுக்கு ஏற்றது. ரப்பர் சொல்யூஷனும் ஸ்பிரே பெயிண்டும் பட்ட இடத்தில் அது உருகிக் குழிவிழும்.

எனக்குப் பிடித்தது அட்டைப் பின்னல். பழைய அட்டைப்பெட்டியை ஒன்றரை செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, பாதையின் ஓரத்திலிருந்து பின்சுவர் வரையிலும், முன்னே பள்ளத்தின் அடி வரையிலும் கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்கும் பின்னி, சந்திப்புகளில் ஸ்டேப்ளர் பின் அடிக்கவேண்டும். மலைச்சரிவின் வடிவம் பிடிக்கவில்லை என்றால் பட்டையை அமுக்கினால் போதும், குழியும். நிமிர்த்தினால் மேடாகும். கை வைத்துப் பார்த்துப் பார்த்து மலையை மாற்றலாம். இந்த நிலையில் இரண்டு மூன்று நாள் அவசரப்படாமல் விட்டுவையுங்கள். போகும்போதும் வரும்போதும் பாருங்கள். இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று விரலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில்தான் உங்கள் பாலம் வரவேண்டும். பாலத்தை முதலில் வைத்துவிட்டு ஓடையைத் தேடுபவர்கள்தான் அதிகம்.

மேலே தோல் போர்த்துவதற்கு மாவுக்கட்டுத் துணியைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டும் அதே துணி மருந்துக்கடையில் சுருளாகக் கிடைக்கும். ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, தண்ணீரில் இரண்டு நொடி நனைத்து, பின்னலின்மேல் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி போர்த்தி, விரலால் தேய்த்துக் கண்களை அடைக்கவேண்டும். இரண்டு அடுக்கு போதும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து ஆறேழு அடுக்காக ஒட்டலாம். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி அரிக்காது. அதேபோல் நீங்களும் சேருங்கள். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

போர்த்துவதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்களிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியை எடுத்து, அதன் பக்கவாட்டில் ஒரு பென்சிலை வெளிவிளிம்பில் படும்படி ஒட்டி, வளைவு முழுதும் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உட்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் எவ்வளவு நீட்டிக்கொள்கின்றன என்று பென்சில் கோடு காட்டும். அந்தக் கோட்டுக்கு ஐந்து மி.மீ. அப்பால்தான் பாறை, சுவர், சுரங்க வாய் எல்லாம். தண்டவாளத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பற்சட்டம் இருந்தால் அதை இரண்டு முறை மூடுங்கள்.

பாறை

நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். உடைத்த முகத்தில் கருநீலச் சாம்பல், வெயிலும் மழையும் பட்ட முகத்தில் துருப்பழுப்பு, அதன்மேல் திட்டுத்திட்டாக வெளிறிய பாசி. ரயிலுக்காக வெட்டிய முகத்திலும் நூறு ஆண்டு மழை இறங்கியிருக்கிறது. அதனால் மேலிருந்து கீழாகக் கறுப்புத் தாரைகள் ஓடும். இந்தத் தாரைகளை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல பாறையும் பிளாஸ்டராகவே தெரியும்.

அலுமினியத் தாளைக் கசக்கிப் பிரித்து, கிண்ணம்போல் குழித்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழம்பை ஊற்றினால் பாறைத் துண்டு கிடைத்துவிடும். பொடியைத் தண்ணீரில் தூவவேண்டும். தண்ணீரைப் பொடியில் ஊற்றினால் கட்டி தட்டும். பத்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் ஒரு டம்ளருக்குமேல் கலக்காதீர்கள். இறுகும்போது சூடாகும், கையைக் குழம்பில் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது. மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும், வாளியில் காயவிட்டு உடைத்துப் போடுங்கள். பாதி இறுகிய துண்டை மலைமேல் வைத்து அழுத்தினால் சரிவுக்கேற்ப வளைந்து உட்காரும். பக்கத்துத் துண்டின் விரிசல்களும் இதன் விரிசல்களும் ஒரே சாய்வில் இருக்கும்படி பாருங்கள். ஒரு மலையின் பாறைகள் எல்லாம் ஒரே திசையில் பிளந்திருக்கும். இந்த ஒரு கவனிப்பு இருந்தால் மற்றதில் சிறு குறை இருந்தாலும் கண் மன்னிக்கும்.

வண்ணம் எப்போதும் நீர்த்தே போகவேண்டும். முதலில் பழுப்பு, அது ஈரமாக இருக்கும்போதே அங்கங்கே சாம்பல்நீலம். காய்ந்தபின் ஒரு பங்கு கறுப்பு மைக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து மேலிருந்து வழியவிடுங்கள். அது தானாகவே விரிசல்களில் போய்த் தங்கும். கடைசியில், காய்ந்த தூரிகையில் கொஞ்சம் வெளிர்சாம்பலைத் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, பாறையின் முனைகளை மட்டும் தடவுங்கள். சுரங்கத்தின் வாய்க்கு மேல் வளைவில் கறுப்புச் சாக்பீஸைத் தேய்த்த பொடியைப் பூசுங்கள். நீராவி இன்ஜின் போன இடம் அது.

மண்ணும் ஜல்லியும்

மாடல் கடைகளில் விற்கும் மண்பொடிகள் ஐரோப்பிய மண்ணின் நிறத்தில் இருக்கும். நம் செம்மண்ணுக்கு அது ஆகாது. வீட்டுத் தோட்டத்து மண்ணே போதும். காப்புக்காட்டிலிருந்து ஒரு கைப்பிடிகூட அள்ளாதீர்கள், அது குற்றம், தேவையும் இல்லை. மண்ணை இரும்பு வாணலியில் கால்மணி நேரம் வறுத்து எடுத்தால் முட்டையும் விதையும் ஈரமும் போய்விடும். டீ வடிகட்டியில் சலித்து, பிறகு ஒரு காந்தத்தை பாலித்தீன் பையில் போட்டு மண்ணின்மேல் நாலைந்து முறை ஓட்டுங்கள். கரும்பொடி ஒன்று பையில் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு வரும். அது காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது. அதை விட்டுவைத்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், சில மாதங்களில் மோட்டார் அரைபடும். ஜல்லிக்கு எடுக்கும் மணலுக்கும் இதே சோதனை வேண்டும்.

ஜல்லி எந்த அளவில்? உண்மையான 50 மி.மீ. கல் 1:87-இல் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கருங்கல் எம்-சாண்டைச் சலித்தால் இந்த அளவு கிடைக்கும், நிறமும் பொருந்தும். பெரிய கல்லைப் போட்டால் வண்டியே சிறுத்துப் பொம்மையாகிவிடும். சந்தேகம் வந்தால் பொடியானதையே எடுங்கள்.

உலர்ந்த மணலைத் தூவி, மென்மையான தூரிகையால் கட்டைகளின் மேலிருந்து தள்ளிச் சீராக்கியபின், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரை நுண்ணிய ஸ்பிரேயால் தூரத்திலிருந்து தெளிக்கவேண்டும். நன்றாக நனையட்டும். அதன் பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாக நின்று மணலைத் தூக்கிக்கொண்டு உருளும். தண்டவாளம் பிரியும் இடங்களில் அசையும் பாகங்களுக்கு அருகே பசையே வேண்டாம். ஒரு முழுநாள் காயவேண்டும்.

தண்ணீரின் வழி

ஒருமுறை ஹில்குரோவில் வண்டி நின்றபோது மலைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை முகத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கல் கட்டிய ஒரு சிறு வாய்க்கால். பாதையின் ஓரத்தோடு கொஞ்ச தூரம் ஓடி, ஓரிடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து, பள்ளத்துப் பக்கம் வெளியே வந்து பாறையில் விழுந்தது. அதன் வாயில் சருகுகள் அடைத்திருக்க, ரயில்வே ஊழியர் ஒருவர் மண்வெட்டியால் அவற்றை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதை மண்சரிவால் அடிக்கடி நின்றுபோகும். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவையே தள்ளிவிடும் என்று அவர் விளக்கினார். அன்றிலிருந்து எந்த மாடல் பாதையைப் பார்த்தாலும் முதலில் அதன் வாய்க்காலைத்தான் தேடுகிறேன். தொண்ணூறு பங்கு இருப்பதில்லை.

ஆகவே மலைப்பக்கம் முழுக்க ஐந்தாறு மி.மீ. அகலத்தில் ஒரு வாய்க்கால் இழுங்கள். கெட்டியான பிளாஸ்டரில் ஐஸ்கிரீம் குச்சியால் கோடு கீறினால் கல்வரிசை வந்துவிடும். தடுப்புச் சுவர்களில் ஒழுகுதுளைகள் வேண்டும். ஒன்றரை செ.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பச்சைகலந்த கறுப்புத் தாரை ஒன்று இழுங்கள். ஓர் இடத்தில் அண்மையில் சரிந்த மண்ணின் காயத்தையும் காட்டலாம். செடி இல்லாத பச்சைச் செம்மண், அதன் அடியில் கம்பிவலைக்குள் அடுக்கிய கல்சுவர். நீலகிரியைத் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் தலையாட்டுவார்கள்.

கீழே ஓடும் ஓடைக்குக் கைவினைக் கடைகளில் கிடைக்கும் எபாக்ஸி ரெசின் நல்லது. படுகையை முதலில் முழுதாக வண்ணம் தீட்டுங்கள், நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் மணல்நிறம். ரெசினை மூன்று மி.மீ.க்குமேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். சிறு ஓட்டை இருந்தாலும் இரவோடு இரவாக அடியில் ஒழுகிவிடும், முன்கூட்டியே அடையுங்கள். நீரில் நீலம் கலப்பது பெரிய தவறு. மலை ஓடைக்கு நீலம் கிடையாது.

பச்சை ஒன்றல்ல

சோலைக்காட்டை எதிர்மலையிலிருந்து பார்த்தால் காலிஃபிளவர் அடுக்கியதுபோல் இருக்கும். தண்டு தெரியாது, உருண்ட தலைகள் மட்டுமே தெரியும். அதுவும் ஒரே பச்சை இல்லை. கரும்பச்சை, மஞ்சள்பச்சை, இடையிடையே செந்தளிர். பழைய மெத்தை ஸ்பாஞ்சைச் சிறு துண்டுகளாக்கி, சமையலுக்குப் பயன்படுத்தாத மிக்ஸியில் தண்ணீரோடு அரைத்து, பிழிந்து, ஐந்து கிண்ணங்களில் ஐந்து வண்ணத்தில் தோய்த்துக் காயவையுங்கள். இந்த ஐந்தையும் கலந்து கலந்து ஒட்டினால் கடைப்பொருள் தோற்றுவிடும். முன்வரிசை மரங்களுக்கு மட்டும் தண்டு செய்தால் போதும். மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கி, நுனியில் கிளைகளாகப் பிரித்து, பசையும் மரத்தூளும் பூசுங்கள். பீர்க்கங்காய் நாரைப் பிய்த்து நுனியில் ஒட்டி, அதன்மேல் ஸ்பாஞ்சுப் பொடியைத் தூவுங்கள்.

கற்பூர மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து நீலகிரியின் முகத்தையே மாற்றிய மரம். முப்பது நாற்பது மீட்டர் உயரும். நம் அளவில் அது ஒரு முழத்துக்கு வந்துவிடும். அவ்வளவு வேண்டாம், 20 செ.மீ. வையுங்கள். ஆனால் கடையில் விற்கும் 8 செ.மீ. மரத்தைக் கற்பூர மரம் என்று நடாதீர்கள், அது உண்மையில் ஏழு மீட்டர்தான். வெளிறிய நேரான தண்டு, பாதி உரிந்து தொங்கும் பட்டை, உச்சியில் மட்டும் அடர்த்தி குறைந்த சாம்பல்பச்சை இலை. கல்லாறு பக்கம் செய்பவர்களுக்குப் பாக்கு மரங்கள். தண்டவாள ஓரத்துக்கு உண்ணிச்செடி, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த புள்ளிப் பூவோடு.

தேயிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பச்சை உருண்டைகளை வரிசையாக ஒட்டிவிட்டால் அது முட்டைகோஸ் வயல். தேயிலைச் செடி இடுப்பளவுக்குக் கீழே, கிள்ளிக் கிள்ளி மேசைபோல் சமப்பட்டு நிற்கும். 75 செ.மீ. என்றால் நமக்கு எட்டரை மி.மீ. பாத்திரம் துலக்கும் பச்சை நார் அட்டையை எடுத்து 9 மி.மீ. உயரத்துக்குப் பட்டைகளாக வெட்டுங்கள். கத்தரித்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் கிளறிவிடுங்கள், கூர்மை போகும். ஒரு விரற்கடைக்கு ஒரு வெட்டு என்று பக்கங்களில் கீறினால் தனித்தனிச் செடியாகத் தெரியும். சரிவுக்குக் குறுக்காக, மலையின் உடம்பைச் சுற்றிப் போகும்படி ஒட்டுங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே நாலைந்து மி.மீ., கொழுந்து பறிப்பவர் நுழையும் இடைவெளி. பக்கங்களைக் கரும்பச்சையாக விட்டு, தலையில் மட்டும் பசை தடவி மிகமிகப் பொடியான இளம்பச்சையைத் தூவுங்கள். மேலே கொழுந்து, கீழே முற்றிய இலையும் கட்டையும். இந்த இரண்டு நிறம் வந்தவுடன் தோட்டம் உயிர்பெறும். நடுநடுவே சில்வர் ஓக் மரங்களை நிழலுக்கு நிறுத்துங்கள்.

வரிசைகளுக்கு அடியில் மண்ணின்மேல் தூவ, குடித்து முடித்த டீத்தூளைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. சருகு மக்கிய மண்ணின் நிறம் அப்படியே வரும். ஆனால் நன்றாகக் காயவேண்டும். நான் செய்த முதல் பலகையில் ஒருநாள் வெயிலில் வைத்ததோடு திருப்திப்பட்டு ஒட்டிவிட்டேன். ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள் தோட்டம் முழுவதும் வெள்ளைப் பூஞ்சை. ஆறு வார வேலையைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, மூன்று நாள் வெயிலில் போட்டு, கடைசியாக வாணலியில் வறுத்தே எடுங்கள். பால் சேர்க்காத டிகாக்‌ஷன் தூளாக இருந்தால் இன்னும் நல்லது.

பின்னணி

பலகையின் பின்புறத்தில் மெல்லிய ஹார்டுபோர்டை மூலை தெரியாமல் வளைத்து நிறுத்துங்கள். அதில் மலைகளை மூன்று அடுக்காகத் தீட்டினால் போதும். அருகில் உள்ளது பச்சைநீலம், அடுத்தது சாம்பல்நீலம், கடைசி அடுக்கு வானத்தோடு கரைகிற அளவு வெளிறல். ஒவ்வோர் அடுக்கின் அடியிலும் ஈரம் காயுமுன் வெள்ளையைத் தொட்டு ஸ்பாஞ்சால் ஒற்றினால் பள்ளத்தாக்கில் மூடுபனி தங்கும். மேகம் வரையாதீர்கள். வரைந்த மேகம் நகராமல் நின்று கண்ணை உறுத்தும்.

கட்டடங்கள் குறைவாக இருக்கட்டும். ஒரு நிலையம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஊழியர் குடியிருப்பு. மனிதர்கள் அதைவிடக் குறைவாக. ஓடுகிற கோலத்தில் உள்ள பொம்மைகளைத் தவிர்த்து, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரத்தில் குனிந்தவர் என்று எடுங்கள். கல்லாறு–குன்னூர் பகுதியைச் செய்தால் இன்ஜினை மறக்காமல் இறக்கப் பக்கம், வண்டியின் வாலில் பூட்டுங்கள். அங்கே அது பெட்டிகளை இழுப்பதில்லை, கீழேயிருந்து தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறது. அப்படித் தள்ளும்போது பெட்டிகள் தடம்புரளாமல் இருக்க வளைவின் இணைப்புகள் வழவழப்பாக இருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வாரம் வண்டியை ஓட்டாமல் விடுங்கள். பிறகு காந்தத்தை மறுபடி ஒருமுறை பாதை நெடுக ஓட்டி, தண்டவாளத்தின் தலையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வேலை இல்லாத நாளில் பழைய பருத்திப் புடவையால் மூடுங்கள், பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

தொடங்குமுன் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறி, செல்போனில் இன்ஜினை இரண்டு படம் எடுத்தால் போதும். மீதியெல்லாம் வாய்க்கால், தடுப்புச் சுவர், பாறையின் விரிசல், தேயிலை வரிசையின் அடிமண் என்று எடுங்கள். பருவமழைக் காலமாக இருந்தால் பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.